தாமத நாள்: சுழியம்

மூன்றாம் மாடி, ஆய்வுப் பிரிவு.
சன்னலுக்கு வெளியே உலான்பாத்தர்
நிலக்கரிப் புகையில் ஊறிக்கொண்டிருக்கிறது.
என் திரையில் லட்சத்துச் சொச்சம் மேய்ப்பர்கள்
பெயரைக் கழற்றிவைத்து
எண்ணை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடனுக்கு ஒரு பத்தி.
ஈட்டுக்கு ஒரு பத்தி: ஆடு, குதிரை, ஒட்டகம்,
தலைக்கு இத்தனை துக்ரிக்.
கடைசிப் பத்தி நான் நிரப்ப வேண்டியது:
இவர் தவறுவாரா?
பதில் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
எங்காவது விழவேண்டும்.
அத்தனை சின்ன இடத்தில்
ஒரு குடும்பத்தைப் படுக்கவைக்கத் தெரியும் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

இந்த ஆண்டு பணப்பரிமாற்றத் தரவும் கிடைத்தது.
கைபேசியைக் காட்டி வாங்கிய மாவு, தேயிலை,
மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல்,
பள்ளி விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிய சில்லறை,
எல்லாம் நொடி பிசகாமல்.
"காசு போன தடத்தைப் பார்,
ஆள் போகும் தடம் தெரியும்" என்றார்
பிரிவின் தலைவர் எங்க்துல்.
நம்பினேன்.

வரிசை 4117.
அக்டோபரில் வைக்கோல். நவம்பரில் வைக்கோல்.
டிசம்பரில் இரண்டு லாரி, இரட்டிப்பு விலைக்கு.
ஜனவரி பதினேழில் கால் லாரி.
அப்புறம் இல்லை.
பிப்ரவரியில் செலவு மூன்றில் ஒன்றாய்ச் சுருங்கிற்று.
தவணை மட்டும் ஐந்தாம் தேதிக்கு ஐந்தாம் தேதி.
தாமத நாள்: சுழியம்.
என் மாடல் மகிழ்ந்துபோனது.
சிக்கனக்காரர் என்றது.
தவறும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று
பச்சை பூசியது.

மார்ச்சில் கள ஆய்வுக்கு ஸாவ்கான் போனோம்.
மேலே வெண்பனி, அடியில் பனிக்கட்டி,
அதற்கும் அடியில் புல்.
ஜுட் என்கிறோம் அதை,
குளம்பு எட்டாத ஆழத்தில்
பூட்டிவைத்த தீவனத்தை.

நான்காவது கூடாரம். ஹோர்லோ என்ற பெண்.
கணவர் எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டப் போய்விட்டார்.
"கடைசியாக வைக்கோல் வாங்கியது எப்போது?"
படிவத்தில் ஏழாம் கேள்வி.
கைபேசியைத் தேய்த்துக் காட்டினாள்:
ஜனவரி பதினேழு.
பெயரை எழுதும் முன்பே
எண் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் நிறுத்தினீர்கள்?"
எட்டாம் கேள்விக்கு அவள் பேசவில்லை.
வெளியே கூட்டிப்போனாள்.
வேலிக்குப் பின்னால்
விறகு அடுக்குவதுபோல் அடுக்கியிருந்தார்கள்,
தலையெல்லாம் ஒரே பக்கமாக.
எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
என் அட்டவணையில் அவை இன்னும்
தலைக்கு இத்தனை துக்ரிக்.

"பிறகு தவணை எப்படி?"
இது படிவத்தில் இல்லாத கேள்வி.
"தோலை விற்றேன். சேணத்தின் வெள்ளியைப் பிடுங்கி விற்றேன்.
ஒரு மாதம் தவறினால்
அடுத்த வருஷம் யார் கொடுப்பார்கள்? நீங்களா?"
தேநீரில் உப்பு கொஞ்சம் கூடுதல்.
குடித்து முடித்தேன்.

எங்கள் அறிக்கைகளில் வாராக்கடன் என்று ஒரு சொல் உண்டு.
இங்கே கடன் வந்துகொண்டுதான் இருக்கிறது.
வாராதவை ஆடுகள்.

திரும்பி வந்து
பதினோராம் அடிக்குறிப்பில் எழுதினேன்:
செலவு குறைவது எப்போதும் சேமிப்பு அல்ல.
எங்க்துல் சிவப்பு மையில் கேட்டார்:
ஒரே வரிசையை வைத்தா?

நியாயம்தான்.
அன்றிரவே தேடினேன்,
நடுக்குளிரில் வைக்கோல் நின்றுபோய்
தவணை நிற்காத வரிசைகளை.
ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
அத்தனையும் பச்சை.
ஸாவ்கானில் பனி உருகாத நாளில்
என் திரையில் மட்டும் அப்படியொரு புல்வெளி.

ஏப்ரல் ஐந்து. காலை ஒன்பது மணி நாலு நிமிடம்.
4117 கட்டிவிட்டாள்.
எதை விற்று என்று எழுத
பத்தி இல்லை.