சுவைசொல்லி

எரெவானில் கடைகள் திறக்குமுன் கிளம்பிவிட்டோம்.
நிவாவை நான்தான் ஓட்டினேன்.
எரிவாயுக் குழாய் எங்காவது கசிந்தால்
கார்லெனுக்குத் தெரியாது.
ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது
அவன் மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது.
மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு என்றார் மருத்துவர்.
இது செப்டம்பர்.

கோர் விராப்பில் அராராத் முழுசாகத் தெரிந்தது,
ஒரு மேகத் துணுக்கும் இல்லாமல்.
எல்லைக் கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்கிற மலைக்கு
இத்தனை அழகு எதற்கு என்றான்.
பறக்கவிடப் புறா விற்கும் பையனிடம்
கால்மணி நேரம் விலை பேசிவிட்டு
வாங்காமல் வந்தான்.

அரேனியில் சாலையோரம் மேசைகள்.
கோலா பாட்டில்களில் வீட்டு ஒயின்.
தெற்கே எல்லை தாண்டும் லாரிக்காரர்களுக்கு
யாராவது கேட்டால் அது கோலா.
அருஸ்யாக் என்கிற பெண் பிளாஸ்டிக் குவளையில்
ஒரு வாய் ஊற்றித் தந்தாள்.
குடித்தான். என்னைப் பார்த்தான்.
"சொல்லு."

மாதுளைத் தோலைக் கடித்த மாதிரி முதலில் துவர்ப்பு.
பிறகு அடைத்த அறையில் யாரோ ஜன்னல் திறந்தது போலப்
புளிப்பு.
"கடைசியில்?"
கடைசியில் நம் கல்யாணத்துக்கு
உன் மாமா உருட்டிக்கொண்டு வந்த பீப்பாய்.
"ஐயோ, அவ்வளவு மோசமா?"
அருஸ்யாக் முறைத்தாள். இரண்டு பாட்டில் வாங்கினோம்.

நோரவாங்கில் பாறை சிவப்பு, கோயிலும் சிவப்பு.
சுவரில் செருகிய குறுகல் படிகள், கைப்பிடி கிடையாது.
விறுவிறுவென்று ஏறினான்.
இறங்கும்போது குழந்தை போல உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான்.
முன்பின் தெரியாத ஒரு கூட்டம் கைதட்டியது.
கீழே நூலில் கோத்த வால்நட், திராட்சைப் பாகில் முக்கியது.
சொன்னேன்: இனிப்பு, அதற்குள் எண்ணெய்க் கசப்பு,
அதற்குள் நூல், துப்பிவிடு.

தயிர், மோர், புளிப்பு பிளம் அப்பளம்,
கெட்டித் தேன், அரைக்கெட்டித் தேன்.
சொல்லு, சொல்லு, சொல்லு.

செலிம் கணவாயில் பழைய வணிகர் சத்திரம்.
உள்ளே இருட்டு, ஒட்டகங்கள் நின்ற இடத்தில் குளிர்.
காதா ரொட்டியைப் பிய்த்து நீட்டினான்,
வாயைத் திறக்கப் போனான்.
எனக்கு ஒரே ஒரு முறை
வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும் கார்லென் என்றேன்.
கல் கூரை அதை இன்னொரு தடவை சொன்னது.

அவன் வெளியே போய்விட்டான்.
சுவரைப் பார்த்து நின்று முழு ரொட்டியையும் தின்றேன்.
வெண்ணெய். மாவு. வெனிலா.
யாருக்கும் சொல்லாத சுவைக்கு
ஏன் இப்படித் தொண்டை அடைக்கிறது
தெரியவில்லை.

செவான் வரும்வரை பேச்சில்லை.
ஏரிக்கரையில் மீன் விற்கிறவர்கள்
இரு கைகளையும் அகல விரித்து நின்றார்கள்,
எங்கள் மீன் இவ்வளவு நீளம் என்று.
கார்லென் ஜன்னல் வழியே
பதிலுக்குக் கைகளை விரித்தான்,
ஊரில் எல்லோரையும் அணைப்பவன் போல.
சிரிக்கக்கூடாது என்றிருந்தேன்.

விடுதியில் சுட்ட ட்ரவுட் வந்தது.
சத்திரத்துக் கடனைத் தீர்க்கிற மாதிரி
நானே ஆரம்பித்தேன்.
தோலில் திராட்சைக்கொடிப் புகை,
சதை ஈரத்துணி மடிப்பு போல அவிழ்கிறது,
ஏரியின் அடியில் கிடக்கும் கல்லின் குளிர்ச்சி,
அப்புறம் மல்லித்தழை, அப்புறம்...

"உப்புப் போடவில்லை, அப்படித்தானே?"

நிறுத்தினேன்.
"இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன் ஷோகிக்,
சாப்பாடு சப்பென்று இருந்தால்தான்
நீ இவ்வளவு பேசுவாய்."
உப்புக் குப்பியை எடுத்தான்.
தன் மீனை விட்டுவிட்டு
என் மீன்மேல் தூவினான்,
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, போதுமான அளவு,
ஒரு துகள் அதிகமில்லை.

திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்றான்.
சாவியைக் கொடுத்தேன்.
இருட்டு, சாலையில் அங்கங்கே மாடுகள்.
கண்ணை மூடிக்கொண்டேன்,
மூக்கை மட்டும்
வீடு வரை விழித்திருக்க விட்டு.