ஏழு நொடி

குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில்
மூன்று டப்பா ஃபிலிம்.
நானூறு, நூறு, இருபத்தைந்து.
எண் குறையக் குறைய வெள்ளி மணி பொடியாகும்.
பொடியாகப் பொடியாக
வெளிச்சத்தை ஊதி ஊதிக் குடிக்கும்,
சூட்டுக்குப் பயந்த பிள்ளைபோல.

அன்ஸ்ட் தீவில் காற்று ஓய்ந்த நாளென்று
போன வருஷம் ஒன்று இருந்தது.
அன்று எனக்குப் பல்வலி.

நானூறை எடு என்றது கை.
நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும்,
புல் நிற்கும், மேகம் நிற்கும்,
சூப் ஆறுமுன் வீடு வந்துவிடலாம்.
ஆனால் நானூறில் வானம்
ரவை கொட்டிய தரை.
கையகலப் படத்துக்கு அதுவும் ஓர் அழகுதான்.
லெர்விக் பல் மருத்துவர் கேட்டிருப்பதோ
மூன்று மீட்டர்,
காத்திருப்பு அறையின் ஒரு சுவர் முழுக்க.
"ஆளில்லாத நிலம் வேண்டும்,
பார்த்தால் நெஞ்சு அடங்க வேண்டும்" என்று கடிதம்.
ஊசிக்குக் காத்திருப்பவர்கள்
கிட்டப்போய்ப் பார்ப்பார்கள்,
வேறு வேலை ஏது?
பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்கு
கற்களை எண்ணவும் தெரியும்.

இருபத்தைந்து.
இரண்டே தாள் மிச்சம்.

கிப்பியின் ஆட்டுப்பட்டி மலைச்சரிவில்
வட்டமாகக் கிடக்கிறது, சாந்தில்லாத கல்.
முக்காலியின் கொக்கியில்
கூழாங்கல் பையைத் தொங்கவிட்டேன்.
மேகத்துக்காகச் சிவப்புக் கண்ணாடி,
அதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் கப்பம்.
மீட்டர் நான்கு நொடி என்றது.
நான்கு கொடுத்தால் இந்த ஃபிலிம்
ஏழு கேட்கும், எனக்குத் தெரியும்.
கறுப்புத் துணிக்குள் உலகம் தலைகீழ்;
பட்டி வானத்தில் தொங்கியது,
கீழே கடல்போல மேகம்.

திறந்தேன்.
ஒன்று, இரண்டு,
மூன்றில் கிப்பி
இடப்பக்கமிருந்து வந்தான்.
தோளில் ஒரு வேலிக்கம்பு.
கத்தலாமா என்று யோசிப்பதற்குள் ஐந்து.
ஆறில் வலப்பக்கம் போய்விட்டான்.
ஏழு.
மூடினேன்.

"நானும் விழுந்தேனா, ஓஸ்லா?"
"விழுந்திருப்பாய்" என்றேன்.
அடுத்த தாளைப் போடுமுன் மழை வந்தது.

குளியலறை இருட்டில்
நீர்க்க நீர்க்கக் கரைத்த மருந்து,
தட்டை ஆட்டிய பதினெட்டு நிமிஷம்.
பிறகு விளக்கும் உருப்பெருக்கியும் நானும்.
கல் ஒவ்வொன்றும் இருந்தது.
கல்லின் மேல் கற்பாசி வட்டம்,
வாசல் படலில் துருவேறிய ஆணி,
ஆணியில் கட்டிய நைலான் கயிற்றின் புரி.
புல் மட்டும் புகை.
அதைக் காற்றின் படம் என்று வைத்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு நாய்.
டிர்ரிக்!
நான் துணிக்குள் நுழைந்தபோதே
வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஏழு நொடியும் என்னையே பார்த்திருக்கிறது,
மூக்கின் ஈரம்கூடத் தெரிகிறது.
வால் மட்டும் விசிறி.

கிப்பி இல்லை.
திரும்பத் திரும்பத் தேடினேன்.
வேலிக்கம்பும் இல்லை.
கால் ஊன்றிய இடத்தில்
காலணி போல ஒரு கறுப்பு.
சேறாகவும் இருக்கலாம்.

ஆளில்லாத நிலம் கேட்டார்கள்;
கொடுத்தாயிற்று.
நாயைப் பற்றி மருத்துவர்
ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மாத மழையில்
இரண்டு படகு மாறி லெர்விக் போனான் கிப்பி,
கடைவாய்ப் பல் எடுக்க.
அன்று நானும் அங்கே இருந்தேன், என் பல்லுக்கு.
அறையில் ஐந்தாறு பேர்.
உள்ளேயிருந்து வந்தவன்
பாதி முகம் மரத்து,
பஞ்சைக் கடித்துக்கொண்டு
சுவருக்கு நேரே நடந்து
அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்தான்.

"இது நாந்தான்" என்றான்
எல்லோரையும் பார்த்து, எச்சில் ஒழுக.