பதினான்கில் ஏழாவது

ஸ்கானர் ஒரு வரிதான் சொன்னது:
பற்றரியை மாற்று.
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.
கொழும்பில் கேட்ட விலையை முஸம்மில்
பிஸ்கற் பெட்டி மட்டையில் எழுதி வைத்திருந்தார்.
காட்டினார், மடித்தார்,
கிண்ணியாவிலிருந்து வந்த களைப்போடு
ரயர் குவியலில் உட்கார்ந்தார்.

உவர்மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன்.
பதினான்கு கட்டுகளில்
பதின்மூன்று பதினைந்தில் நிற்க
ஏழாவது மட்டும் பன்னிரண்டுக்கு விழுந்தது.
காலை எடுத்ததும் எழும்பி
ஒன்றுமே நடக்காததுபோல் வரிசையில் நின்றது.
நோகாதமாதிரி நிற்கிறதைச்
சுமை ஏற்றித்தான் பிடிக்கலாம்.

கராச்சுக்கு வந்து முதலில் கையுறை.
மணிக்கட்டில் முறுக்கி, காற்றை விரல்களுக்குள் தள்ளி,
கன்னத்தோடு வைத்துப் பார்ப்பேன்.
ஊசித் துளை போதும்;
இருநூறு வோல்ற்று என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டு வராது.
ஆரஞ்சுப் பூட்டைக் கழற்றி என் பைக்குள் போட்டேன்,
யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது பாருங்கோ.
பிறகு பத்து நிமிடம் சும்மா.
உள்ளே தேங்கினது வடியட்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில்
சீனன்குடாப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
புள்ளிமான் ஒன்று கேற்றுக்குள் தலை நீட்டி
சோற்றுப் பார்சல் தாளை மென்றது.
ஒருவரும் துரத்தவில்லை.
முஸம்மில் மானைப் பார்க்கவுமில்லை.

மூடியைத் திறந்தால்
செம்புப் பட்டையெல்லாம் பச்சை பூத்திருந்தது.
இந்த ஊரில் அது குற்றமில்லை,
கடற்காற்றுக்கு எந்த மூடியும் மூடியில்லை.
வினாகிரியில் ஊறப்போட்டேன்.
ஆனால் பச்சை எல்லாவற்றிலும் இருந்தது,
வீக்கம் ஏழாவதில் மட்டும்.
நடுவில் இருக்கிறது முதலில் வேகும்.
வெந்திருக்கிறது என்றால்
காற்று வரவில்லை.

பின் சீற்றின் ஓரம், தோளுயரத்தில்
காற்றிழுக்கும் வாய் ஒன்று இருக்கிறது.
பலருக்கு அது இருப்பதே தெரியாது.
அதன் வழியே போனால் ஃபேன்.
ஃபேன், நூற்கண்டுபோல.

முடி.

நாய்முடி வரும், பஞ்சு வரும்,
நிலாவெளி ஹயர் ஓடினால் மணல் வரும்.
இது ஒரு முழத்துக்கு மேல்.
இழுக்க இழுக்க வந்தது, வேரோடு,
ஒரு நரையும் இல்லாமல்.

“பின் சீற்றில ஆர் படுக்கிறது?”

“ஊட்டுல தான். கண்டி ஆஸ்பத்திரிக்கு,
மூணு கிழமைக்கு ஒருக்கா.
அந்தப் பக்கம்தான் தலவாணி.”

ஹபரணைக் காடு, தம்புள்ளை, மாத்தளை வளைவுகள்.
தலையணை வாயை மூட, மூட,
அவர் பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓட்ட,
சீற்றுக்குப் பின்னே ஏழாவது வெந்துகொண்டே
சொல்லாமல் போயிருக்கிறது, சொல்லாமல் வந்திருக்கிறது.

பழைய பெட்டி ஒன்றிலிருந்து
பொருந்துகிற இரண்டு துண்டு தேடி எடுத்தேன்.
மூன்று நாள் ஏற்றி, இறக்கி, ஏற்றி,
திரும்பவும் உவர்மலை.
பதினான்கும் ஒன்றாய் ஏறின.

“தலையணையை மற்றப் பக்கம் வையுங்கோ.
மாதத்துக்கு ஒருக்கா ஃபேனைப் பார்க்க வேணும்,
முடி அடைக்கும்.”

“இனி அடைக்காது,” என்றார்.
“முடி இல்ல இப்ப.”

பில்லைக் குறைக்கவில்லை.
குறைத்தால் ஏன் என்று கேட்பார்,
நான் ஏதாவது சொல்ல வேண்டிவரும்.
அவர் எச்சில் தொட்டு எண்ணினார்,
இரண்டு தரம்.
கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார்.

“அந்த முடிய என்ன செஞ்சீங்க?
தந்தா நல்லம்.
புதைக்கணும்.”

மூன்று நாளாய் அது கழிவுத் தகரத்துக்குள்.
கிறீஸ் துணி, சுரண்டிய பச்சைத் தூள்,
தேயிலைச் சக்கை, மான் மிச்சம் விட்ட தாள்.

கையுறை மேசையில் கிடந்தது.
போடாமல்
கையை உள்ளே விட்டேன்.