பாரம் வைக்கக்கூடாத கை

திங்கள், புதன், வெள்ளி.
பார்மனில் இறங்கி, பாலம் தாண்டி,
மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கதிரை.
ஏறும்போது ஒரு தராசு, இறங்கும்போது அதே தராசு.
இடையில் நாலு மணித்தியாலம்
என் இரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.

கீழே வுப்பர் ஆறு.
அதன்மேல் வௌவால்போலத் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில்.
வருடம் முழுக்க மழை பெய்யும் ஊர் இது;
எனக்கு அளந்தது நாளுக்கு முக்கால் லீட்டர்.
ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு
கண்ணாடியில் வழிகிற அவ்வளவு தண்ணீரையும்
பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சாள் தொலைபேசியில் சொன்னாள்: போன பிறப்பின் கடன்.
ஜெபக்கூட்டத்து ஜெயசீலி சொன்னாள்: சோதனை,
பொன்னைப் புடம்போடுகிற மாதிரி.
வேலைத்தலத்து உல்ரீக்கே ஒரு புத்தகம் தந்தாள்,
அட்டையில் சூரியோதயம்;
உடம்பு என்னிடம் எதையோ சொல்ல வருகிறதாம்.

என் உடம்பு அப்படிச் சுற்றிவளைத்துப் பேசாது.
சிறுநீரகம் சுருங்கிவிட்டது.
அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

பக்கத்துக் கதிரை நெவ்சாத்,
ரிப்பன் ஆலையில் முப்பது வருடம் நின்றவர்,
ஒருநாள் கேட்டார்:
அர்த்தம் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?
பொருள், என்றேன்.
சாமானுக்கும் அதே சொல்தான், சொத்துக்கும் அதே சொல்தான்.
அவர் குழாய்களை, மெஷினை, போர்வையைக் கண்ணால் எண்ணினார்.
அப்படியென்றால் நாங்கள் பணக்காரர், என்று
இருமல் வரும்வரை சிரித்தார்.

மார்ச்சில் அந்தக் கதிரைக்கு வேறு ஆள் வந்தார்.
தாதியிடம் நான் கேட்கவில்லை.
அங்கே யாரும் கேட்பதில்லை.

பொறுமை படித்தேன் என்று சொல்ல ஆசைதான்.
நேற்றுக்கூடச் சப்பாத்தைக் காணவில்லை என்று
மகனை வீடதிர ஏசினேன்.
வாழைப்பழம் தின்கிறவர்கள்மேல்
எனக்கு இன்னும் கோபம்.

இரவு அவன் சமாதானத்துக்கு வந்து
என் இடது கையில் காது வைத்தான்.
நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடம்;
எந்நேரமும் அங்கே ஒரு வண்டு இரையும்.
"அம்மா, உள்ளுக்கு ரயில் ஓடுது."
எங்கே போகுது, என்று கேட்டேன்.
"பொறுங்கோ," என்றான்.
கேட்டுக்கொண்டே இருந்தான்,
அப்படியே நித்திரையாகிப் போனான்.

பாரம் வைக்கக்கூடாத கை அது.
முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார்கள்.
ஒரு ஸ்டேஷன் தூரம் மட்டும், என்று
விட்டுவைத்தேன்.
பிறகு இன்னொன்று.