காலி இருக்கா

பந்தலூர் ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி
நாளைக்கு நூறு தடவை நான் கத்தும் சொல் அது.
காலி இருக்கா, காலீ...
காலியைக் கொடுத்தால்தான் நிறைந்ததை இறக்குவேன்.
ஏஜென்சி விதி.

தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை.
விரல் முட்டியால் ஒரு தட்டு.
காலி, கோயில் மணிபோல் பேசும்.
நிறைந்தது வாயைத் திறக்காது.

பஸ்ஸில் சீட்டு காலி என்றால் ஓடுவோம்.
பத்தாம் தேதிக்குள் பாக்கெட் காலி.
தேவாலா வளைவில் லாரி கவிழ்ந்தபோது
ஆள் காலி என்றார்கள்,
டீயை ஆற்றிக்கொண்டே.
என் மாமனார் என்னைக் காலிப்பயல் என்பதும்
இதே இரண்டு எழுத்தில்தான்.

ஐந்தாம் நம்பர் லயத்துச் சிவபாக்கியம் அக்கா மட்டும்
பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
நிமிர்ந்து பார்ப்பாள்.
அவள் பிறந்தது காலிப் பக்கம்,
சிலோனில், ஒரு ரப்பர் தோட்டத்தில்.
ஏழு வயதில் கப்பல்.
மண்டபம் முகாமில் பிறந்த ஊர் கேட்ட குமாஸ்தாவிடம்
அவள் அப்பா காலி என்றார்.
சரி, காலியாகவே இருக்கட்டும் என்று
அந்த ஆள் ஒரு கோடு இழுத்துவிட்டான்.
அட்டையை எடுத்துக் காட்டுவாள்.
நகத்தால் அந்தக் கோட்டைத் தொட்டு,
"இதுதான் எங்க ஊரு."

போன மாதம் லயத்துச் சுவரில் நோட்டீஸ்.
தோட்டம் காட்டோடு சேர்கிறதாம்.
பதினைந்து நாளில் காலி செய்க.
எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைக் கேட்டாள்:
"காலி செய்யறதுன்னா எப்படிப்பா,
இங்கயே ஒரு ஊரைச் செய்யறதா?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்றைக்கு மழை.
கதவுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
மூன்றாம் வீட்டுப் படியில் யானைப் பிண்டம்,
இன்னும் ஆவி பறந்தது.
யாருக்கென்று தெரியாமல்
பழக்கத்தில் ஒருமுறை கத்தினேன்.
காலீ...

ஐந்தாம் நம்பரில் சிலிண்டர் நின்றது,
தலைக்கு உரச்சாக்குக் கொங்காணி போட்டு.
திருப்பூர் லாரிக்காரன் ஏற்ற மாட்டேன் என்றிருப்பான்.
தட்டினேன்.
மணி இல்லை. பாதிக்கு மேல் இருக்கிறது.
இன்னும் இருபது நாள் சோறு வேகும்.
என் நோட்டில் இரண்டே கட்டம்தான்,
நிறை, காலி.
நனையட்டும் என்று விட மனசில்லாமல் ஏற்றினேன்.

இறக்கம் முழுக்க மற்றவை
ஒன்றையொன்று இடித்துக் கத்திக்கொண்டே வந்தன.
இது மட்டும் திருப்பங்களில்
உள்ளுக்குள் சளப்பென்றது.

நாடுகாணி செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து
என்னய்யா லோடு என்றார் போலீஸ்காரர்.

காலி, சார்.