மூலத்திலிருந்து

புதுவயல் அரிசி மில்லில்
ராத்திரி இரண்டு மணி.
"மூலத்திலிருந்து நிறுவுகிறேன்" என்றேன்.
"கருணைக்கிழங்கு சாப்பிடுங்க, சரியாயிடும்"
என்றார் பாய்லர் சவரிமுத்து.

கிராபிக்ஸ் கார்டு: காணோம்.
நியூரல் சிப்: காணோம்.
கட்டாயமில்லை, உங்கள் இஷ்டம் என்கிறது திரை,
சீர் பேச வந்த சம்பந்தி மாதிரி.
இரண்டுக்கும் வேண்டாம் போட்டேன்.
கம்பைலர் முனகிக்கொண்டே ஏறியது.

எண்பத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
இருட்டில்
உமி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வந்ததும்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்த மட்டும் நன்றி.

விடியும்போது, வெறும் பிராசஸரில்,
எறும்பு வேகத்தில் ஓடியது.
கேமராவுக்கடியில் ஒரு பிடி பொன்னி இறைத்தேன்.
அரிசி. அரிசி. கருப்பு. அரிசி.
நெடுநேரம் யோசித்து,
கல்.

சவரிமுத்து அதை எடுத்துக்
கடைவாயில் வைத்துக் கடித்தார்.
"கல்லுதான்" என்றார்,
இன்னும் துப்பாமல்.