வசித்து வருகிறேன்

டயர்க்கடை மாடியில் ஆங்கிலம்.
செவ்வாய், வியாழன், இரவு எட்டரை.
முடிந்தால் மாதம் முப்பது வெள்ளி,
முடியாவிட்டால் சம்பளம் வந்த பிறகு.

கீழே தவுக்கே ஷட்டரை இழுத்ததும்
படியேறி வருவார்கள்.
செம்பனைக் குலை தூக்கிய விரல்களில்
பென்சில் ஈர்க்குச்சி போல நழுவும்.
ஆலையின் புளித்த வாடை
அவர்களுக்கு முன்பே வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஊத்தான் மெலிந்தாங்கில் எனக்கு
டீச்சர் என்று பேர்.
ஹனோயில் எனக்கு என்ன பேர் என்று
மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார்கள்:
விண்ணப்பதாரர், எண் 0417.

ஏழு நாட்டுக் கடப்பிதழில் ஒன்று வேண்டுமாம்.
என்னுடையது எட்டாவதுகூட இல்லை.
காணொளியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்,
உங்கள் உச்சரிப்பு எந்த ஊர்?
எடைப்பாலத்துக்குப் பக்கம் என்று சொல்ல வந்து
பேராக் என்றேன்.
பிராகா, என்று ஒரு கணம் மலர்ந்தாள்.
திருத்தினேன்.
சிரிப்பு அப்படியே இருந்தது,
அழைப்புதான் சீக்கிரம் முடிந்தது.

மொஃபிசுலுக்குப் போலந்து.
முதல் ஏஜெண்டிடம் பட்ட கடன் தீர்ந்த வருஷமே
இரண்டாவது ஏஜெண்டு.
கோழி வெட்டும் தொழிற்சாலை,
நேர்காணல் ஆங்கிலத்தில்.
இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள்?
நான் முதலாளியாக நடித்துக் கேட்க
வெகுநேரம் யோசித்து
"பாம் ட்ரீ வெரி டால்" என்றான்.
இருபத்தைந்து வருஷத்து மரங்கள்.
அண்ணாந்து அண்ணாந்து கழுத்து போனவன்
சொன்னதில் இலக்கணம் மட்டும்தான் பிழை.
அதையும் நான் திருத்தவில்லை.

அன்றைக்குப் பாடம்,
ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்.
எப்போதோ தொடங்கி இன்னும் முடியாதது, என்றேன்.
தமிழில் கேட்டான்.
மண்டோர் ஒன்பது வருஷம் திட்டித் திட்டிக்
காதில் ஏற்றிய தமிழ், ஒரு பிசிறில்லை.
"அதுக்கு நம்ம பாஷைல என்னா டீச்சர்?"
நம்ம.
வசித்து வருகிறேன், என்றேன்.
"ஒரே எடத்துல இருக்கிறவன்
எங்கருந்து வர்றான்?"

எனக்குத் தெரியவில்லை.
விளக்கைச் சுற்றி ஈசல் உதிர்ந்துகொண்டிருந்தது.
ஜாவாக்காரி சுமார்னி, எதற்கும் இருக்கட்டும் என்று
அந்த வினையை மலாய் எழுத்தில்
இரண்டு முறை எழுதிக்கொண்டாள்.

அவன் தமிழ் பேச
யாரும் கடப்பிதழ் கேட்டதில்லை.
தாய்மொழிக் கட்டத்தில் அவன் எதை நிரப்பினாலும்
ஒட்டுக்கடை வேதவல்லி
"தம்பிக்குச் சீனி கம்மி" என்றே
தேத்தண்ணி ஆற்றுவாள்.

அவனுக்குக் கிடைத்தது.
எனக்கு, வருந்துகிறோம்.
மூன்றாம் மாதம் குரல்பதிவு ஒன்று,
பின்னால் குளிர்பதன மோட்டார் இரைய:
"டீச்சர், இங்க ஒருத்தனுக்கும் தமிழ் தெரியல.
சூப்பர்வைசருக்கு இங்கிலீசும் தெரியல.
கோழியத்தான் மாத்தி மாத்திக்
கையால காட்டிக்கிறோம்."

மூன்று முறை கேட்டேன்.
பிறகு இன்னொரு படிவம் திறந்தேன், இது சியோல்.
முகவரி.
அங்கே எவ்வளவு காலமாக.
முப்பத்து நாலு வருஷமாக, என்று தட்டிவிட்டு
வினையை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

அடைத்த கடை முன்னால்
குலை லோரி ஒன்று நின்று
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
மாடி வெளிச்சத்தைப் பார்த்து
ஆள் இருப்பதாக நம்பிவிட்டான் போல.